கஷாயம் வாங்கிக் குடித்த தகப்பன்

(திருவருகைக் காலம், 2ஆம் வாரம், வெள்ளி. நற்செய்தி: மத்தேயு 11:16-19)



சற்று முன் நாம் கேட்ட நற்செய்தியில் ஒரு சண்டை நடக்கிறது. சந்தைவெளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் போடும் சண்டை. ஒரு கூட்டம் கல்யாண விளையாட்டுக்குக் குழல் ஊதுகிறது. மறு கூட்டம் ஆட எழுந்து வரவில்லை. சரி, கல்யாணம் வேண்டாமென்றால் சாவு விளையாட்டு விளையாடுவோம் என்று ஒப்பாரியை எடுக்கிறார்கள். அதற்கும் யாரும் மாரடித்து அழவில்லை. எதை ஆரம்பித்தாலும் சேர மாட்டேன் என்கிறீர்களே என்று ஊதியவர்களுக்கு ஆற்றாமை.

சந்தை என்றால் எத்தனை சத்தம் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் தானிய மூட்டை இறங்குகிறது, ஒரு பக்கம் விலை பேசுகிறார்கள், கழுதை கத்துகிறது, வரி தண்டுகிறவன் அதட்டுகிறான். அந்த இரைச்சலில், ஒரு மூலையில் சின்னப் பிள்ளைகள் என்ன விளையாடினார்கள், எதற்காக முறைத்துக்கொண்டார்கள் என்று எந்தப் பெரிய மனிதர் கவனிப்பார்? நம் ஆண்டவர் கவனித்திருக்கிறார். எந்த விளையாட்டு முதலில், எது பிறகு, யார் மறுத்தார்கள், என்ன சொல்லிக் குறைபட்டார்கள் என்பது வரை அவர் நினைவில் இருக்கிறது. நாசரேத்தில் அவர் சிறுவனாக என்ன விளையாடினார் என்று நற்செய்தி நமக்குச் சொல்லவில்லை. ஆனாலும் இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம், அந்தக் கூட்டத்தில் ஒருவராக அவரும் மண்ணில் உட்கார்ந்திருந்தவர் என்றே என் மனம் சொல்கிறது.

அந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டு எங்கிருந்து வந்தது? வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும்தான். இதே மத்தேயு நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில், இறந்துபோன சிறுமியின் வீட்டுக்கு ஆண்டவர் போகும்போது அங்கே குழல் ஊதுகிறவர்கள் நிற்கிறார்கள். கல்யாணத்துக்கும் குழல், சாவுக்கும் குழல். பெரியவர்கள் செய்வதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எங்கேயோ ஒரு நாணல் துண்டு கிடைத்திருக்கும், விளையாட்டு தொடங்கிவிட்டது.

நம் ஊரிலும் அப்படித்தானே! இரண்டு சிரட்டை இருந்தால் ஒன்று பானை, ஒன்று சட்டி. மணல்தான் அரிசி. முருங்கை இலை கீரை. செங்கல்லை உரசினால் மிளகாய்ப் பொடி. கூட்டாஞ்சோறு ஆக்கி, பூவரச இலையில் பரிமாறி, “உப்பு போதுமா?” என்று முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள். நொங்கு தின்று எறிந்த காய் இரண்டைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் வண்டி ஓடும். தீப்பெட்டிகளை ஒன்றன் வாயில் ஒன்றைச் செருகினால் ரயில். இரண்டு தீப்பெட்டிக்கு நடுவே நூலைக் கட்டினால் டெலிபோன். அம்மாவின் பழைய சேலையைக் கட்டில் காலில் கட்டினால் ஒரு வீடு எழும்பிவிடும். அந்த வீட்டுக்குள் விருந்தாளி வருவார், காப்பி கொடுப்பார்கள், போகும்போது பிள்ளைக்கு ஐந்து ரூபாயும் கொடுத்துவிட்டுப் போவார்.

கோயிலுக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் பூசை விளையாடாமல் இருந்ததுண்டா? போர்வை பூசை உடுப்பு. எவர்சில்வர் தம்ளர்தான் கிண்ணம். கரண்டியால் தட்டினால் மணி. பாட்டிமார் வரிசையாக உட்கார்ந்து பிஸ்கட் நன்மை வாங்கியிருக்கிறார்கள். ஊர்த் திருவிழா முடிந்த வாரம் பாருங்கள்: இரண்டு கம்பு, ஒரு பலகை, அதன் மேல் கை ஒடிந்த ஒரு சுரூபம், சுற்றிலும் செம்பருத்திப் பூ, தெருவில் சப்பரம் புறப்பட்டுவிடும். பின்னால் ஒரு பையன் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு போவான். அதுதான் பேண்டு செட்.

சாவு விளையாட்டும் நம் பிள்ளைகள் விளையாடுவதுதான். செத்துப்போன அணிலுக்குச் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் அடக்கம் நடக்கும், ஈர்க்குச்சியில் சிலுவை நடுவார்கள். நாம் பார்த்துவிட்டால், “வீட்டு வாசலில் என்ன இது, எழுந்திரு!” என்று அதட்டுகிறோம். அதட்டாதீர்கள். ஒரு துக்க வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். தாத்தாவை அடக்கம் செய்த மறுநாள், பேத்தி தன் பொம்மையைப் பாயில் கிடத்தி, கைக்குட்டையால் மூடி, தலைமாட்டில் மெழுகுதிரியாக ஒரு பென்சிலை நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சில் நிற்கவில்லை. அவளுடைய அத்தை எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் அந்தப் பென்சிலைப் பிடித்துக்கொண்டாள். அடக்கத்தன்றுகூட அழாத பிள்ளை அப்போதுதான் அழுதது, அத்தையும் அழுதாள். ஒப்பாரி வைத்த பிள்ளையோடு உட்கார்ந்து அழ அந்த வீட்டில் ஒருத்தி இருந்தாள். சந்தைவெளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்காதது அதுதான்.

ஆண்டவர் இந்த விளையாட்டைச் சொன்னது பெரியவர்களைக் குறித்து. திருமுழுக்கு யோவான் நோன்பிருந்து வந்தார். மனம் வருந்தி அழுங்கள் என்றார். பேய் பிடித்தவன் என்று அவரை ஒதுக்கினார்கள். மானிடமகன் பந்தியில் உட்கார்ந்து உண்டார். பாவிகளை அருகே அழைத்துக்கொண்டார். தீனிக்காரன், குடிகாரன் என்று அவரையும் ஒதுக்கினார்கள். அழவும் சேரவில்லை, ஆடவும் சேரவில்லை. ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று குறை சொன்னார்கள். கடவுளின் மனவருத்தத்தை நமக்கு விளங்க வைக்க ஆண்டவருக்குக் கிடைத்த எடுத்துக்காட்டு, விளையாடக் கூப்பிட்டும் யாரும் வராமல் போன பிள்ளை. அந்தப் பிள்ளையின் இடத்தில் தம்மையே வைத்துப் பேசுகிறார். அப்படியானால், நம் வீட்டில் ஒரு பிள்ளை வந்து முந்தானையைப் பிடித்து இழுக்கும்போது, இழுப்பது யார் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டாமா?

விண்ணரசைப் பற்றிப் பேச அவர் எதை எதையெல்லாம் கையில் எடுத்தார் என்றும் எண்ணிப் பாருங்கள். விளக்கு, விளக்குத்தண்டு, மரக்கால். மாவு, அதில் ஒளித்து வைக்கும் கொஞ்சம் புளிப்பு. உப்பு. பழைய ஆடையில் போடும் ஒட்டு. தோற்பை. காணாமல்போன ஒரு காசுக்காக வீட்டையே பெருக்கித் தேடும் பெண். ஏழைத் தச்சனின் வீட்டில் என்னென்ன இருந்திருக்குமோ அவ்வளவுதான். அந்த வீட்டில் தவழ்ந்து, நடந்து, எதையெல்லாம் தொட்டுப் பார்த்து வளர்ந்தாரோ, அவற்றிலேயே தந்தையின் அரசைக் கண்டார். பாடுபடுவதற்கு முந்தின இரவிலும் அவர் கேட்டு வாங்கியது புதிதாக ஒன்றுமில்லை. ஒரு துண்டு, ஒரு பாத்திரத்தில் தண்ணீர், அப்பம், கிண்ணம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் விளையாட்டில் மணல் மணலாகவே இருக்கிறது, சோறு ஆவதில்லை. பீடத்தில் அப்பம் அப்பமாகவே இருப்பதில்லை. ஆண்டவரின் உடல் ஆகிறது. இந்த வேறுபாடு நம் நம்பிக்கையின் உயிர். ஆனால் கண்ணுக்குத் தெரிவதோடு ஒரு பொருளின் கதை முடிந்துவிடுவதில்லை என்று சிரட்டையைப் பிடித்த வயதிலேயே தெரிந்துகொண்ட பிள்ளை, நற்கருணை முன் முழந்தாளிடும்போது அவ்வளவு அந்நியமாக உணர்வதில்லை. மறைக்கல்வி வகுப்பில் நான் இதைப் பார்க்கிறேன்.

இனி ஒரு தகப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பிரான்சு நாட்டில் லிசியு என்ற ஊருக்கு 1877ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு குடும்பம் குடிவந்தது. தகப்பன் பெயர் லூயி மார்ட்டின். கடிகாரத் தொழில் செய்தவர். அவர் மனைவி செலி அந்த ஆகஸ்டு மாதம்தான் புற்றுநோயில் இறந்திருந்தார். வீட்டில் ஐந்து பெண்பிள்ளைகள். கடைக்குட்டிக்கு ஐந்து வயது நிரம்பவில்லை. அந்தக் கடைக்குட்டிதான் நாம் குழந்தை தெரேசா என்று அழைக்கிற புனிதை.

வளர்ந்து, கார்மேல் மடத்தில் சேர்ந்த பிறகு தெரேசா தன் வாழ்க்கையை எழுதினார். அதில், லிசியு வீட்டுத் தோட்டத்தில் தான் விளையாடியதை எழுதுகிறார். தரையில் கிடக்கும் சிறு விதைகளையும் மரப்பட்டைகளையும் பொறுக்கிக் கஷாயம் தயாரிப்பாராம். அதை ஓர் அழகான சின்னக் கோப்பையில் எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போவார். அப்பா செய்துகொண்டிருந்த வேலையை எல்லாம் விட்டுவிட்டு, புன்னகையோடு அதைக் குடிப்பதுபோல் காட்டுவார். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும் முன், மீதியைக் கொட்டிவிடலாமா என்று பிள்ளையிடம் கேட்பார். சில நேரம் மகள் சரி என்பாள். பெரும்பாலும் அந்த அருமையான கஷாயத்தை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவாள். இன்னும் சில தடவை கொடுக்கலாமே!

அந்தத் தோட்டத்து மதிலின் மாடத்தில் அவள் சின்னப் பீடங்களும் ஜோடிப்பாள். ஜோடித்ததும் அப்பாவைக் கூப்பிடுவாள். அவர் வந்து நின்று வியந்து மெச்சுவார். மகளுக்கு அவ்வளவு பெரிய மகிழ்ச்சி.

இந்த லூயி மார்ட்டின் யார்? மனைவியைப் புதைத்துவிட்டு வந்தவர். தாயில்லாத ஐந்து பெண்களை எப்படிக் கரையேற்றுவது என்ற கவலை உள்ளவர். ‘எனக்கு இருக்கிற பாரத்தில் இது ஒன்றுதான் குறைச்சல்’ என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் குடித்தார். மீதியைக் கொட்ட அனுமதி கேட்டார் பாருங்கள், அந்த இடத்தில்தான் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அது மகளின் கஷாயம். கொட்டுவதா, வைத்துக்கொள்வதா என்று சொல்ல வேண்டியவள் மகள். பெற்ற தகப்பன் அந்த மரியாதையைக் கொடுக்கிறார்.

பிறகு அந்தப் பெண் என்ன ஆனாள்? 1887இல், பதினைந்து வயது நிறையும் முன்பே கார்மேல் மடத்தில் சேர அனுமதி வேண்டி, உரோமையில் திருத்தந்தை 13ஆம் லியோவின் காலடியில் முழந்தாளிட்டார். எதிர்பார்த்த பதில் கிடைக்கவில்லை, மனமுடைந்தார். அந்த நாள்களைப் பற்றி எழுதும்போது, தான் குழந்தை இயேசுவின் விளையாட்டுப் பொருளாகத் தன்னைக் கொடுத்திருந்ததாகச் சொல்கிறார். பிள்ளைகள் தொடத் தயங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் விலையுயர்ந்த பொம்மையாக வேண்டாம்; மதிப்பில்லாத சின்னப் பந்தாக இருந்தால் போதும். அவர் உதைக்கட்டும், மூலையில் போட்டுவிட்டுப் போகட்டும், எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்ளட்டும். இப்படிக் கடவுளிடம் பேச அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து துணிவு வந்தது? தான் கலக்கிய கஷாயத்தை ஒரு தகப்பன் வாங்கிக் குடித்ததைப் பார்த்து வளர்ந்தவள் அவள். விண்ணகத் தந்தையும் தள்ளமாட்டார் என்று அவளுக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 24 வயதில் இறந்த அந்தப் பெண்ணை 1997இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருஅவையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார். லூயியும் செலியும் 2015 அக்டோபர் 18 அன்று கணவன் மனைவியாக ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார்கள்.

இன்னும் சற்று நேரத்தில் நாம் காணிக்கை கொண்டுவரப் போகிறோம். கோதுமை யாருடையது? திராட்சைக் கொடியை முளைக்க வைத்தவர் யார்? காணிக்கையின்போது குருவானவர் சொல்லும் செபமே ஒப்புக்கொள்கிறது, இது நீர் தந்தது என்று. தெரேசாவின் கஷாயத்துக்கு விதை அப்பாவின் தோட்டத்து விதை. கோப்பை அப்பாவின் வீட்டுக் கோப்பை. தகப்பனிடம் இல்லாத எதையும் அவள் கொண்டுபோகவில்லை. இருந்தும் அவர் வேலையை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார். நம் காணிக்கையையும் ஒருவர் அப்படித்தான் வாங்குகிறார். வாங்கித் திருப்பிக் கொடுக்கும்போது தம் மகனையே கொடுக்கிறார்.

இப்படிப்பட்ட பெற்றோரை நம் தமிழும் அறியும். நற்றிணையில் 172ஆம் பாட்டில் ஒரு பெண்ணின் கதை வருகிறது. சிறுமியாக இருந்தபோது தோழிகளோடு விளையாடுகையில் ஒரு புன்னை விதையை வெண்மணலில் அழுத்திவிட்டு மறந்து போகிறாள். அது முளைத்துவிடுகிறது. நெய்யும் பாலும் ஊற்றி அந்தக் கன்றை வளர்க்கிறார்கள். அவள் தாய் சொல்கிறாள்: இந்த மரம் உனக்குத் தங்கை. பிள்ளை விளையாட்டாய்ப் புதைத்த விதையை மகள் கணக்கில் சேர்த்துக்கொண்ட தாய் அவள். அந்தப் பெண் வளர்ந்த பிறகும், தங்கையின் நிழலில் நின்று காதலனோடு சிரித்துப் பேச நாணுகிறாள்.

திருஅவையின் வரலாற்றில் ஓர் ஆயரும் இப்படிச் செய்திருக்கிறார். ருஃபீனு என்பவர் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய திருஅவை வரலாற்றில் அது இருக்கிறது. ஆய்வாளர்கள் பலர் ஐயத்தோடு பார்க்கிற செய்திதான், ஆனால் நம் முன்னோர் அதைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அலெக்சாந்திரியா நகரின் ஆயர் அலெக்சாண்டர், விருந்தினரான குருக்களுக்காகக் காத்திருக்கும்போது, கடற்கரையில் சிறுவர்கள் கோயில் சடங்கு விளையாடுவதைப் பார்க்கிறார். கூர்ந்து பார்த்தால், திருமுழுக்கே நடக்கிறது! ஆளனுப்பிக் கூட்டிவரச் செய்கிறார். பிள்ளைகள் பயந்துபோய் முதலில் மறுக்கிறார்கள். பிறகு உண்மையைச் சொல்கிறார்கள். அத்தனாசியு என்ற பையன்தான் ஆயர் வேடம். திருமுழுக்குக்கு ஆயத்தமாயிருந்த சில பிள்ளைகளுக்கு அவன் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். ஆயர் அடிக்கவில்லை, விரட்டவில்லை. நீ என்ன கேட்டாய், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரிக்கிறார். எல்லாம் முறைப்படி இருக்கிறது. தம் குருக்களோடு கலந்து பேசி, அந்தப் பிள்ளைகளுக்கு மறுபடி திருமுழுக்குக் கொடுக்கத் தேவையில்லை என்று தீர்மானிக்கிறார். அந்தப் பையனைத் திருஅவைக்காக வளர்க்கவும் ஏற்பாடு செய்கிறார். 328இல் அலெக்சாந்திரியாவின் ஆயராகி, நீசேயா சங்கத்தின் நம்பிக்கை அறிக்கைக்காக ஐந்து முறை நாடுகடத்தப்பட்ட புனித அத்தனாசியு அவரேதான். அவிலா நகரத்துப் புனித தெரேசாவும் சிறுமியாகத் தன் அண்ணனோடு தோட்டத்தில் கல்லடுக்கித் தவக்குடில் கட்டினார். கட்டக் கட்டச் சரிந்தது. பின்னாளில் பதினேழு மடங்களை நிறுவினார்.

அன்பானவர்களே, தீப்பெட்டி ரயிலைப் பற்றிச் சொன்னேன். அதே தீப்பெட்டி, நமக்கு அதிகத் தொலைவில்லாத சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் வேறு பிள்ளைகளின் கையில் வேறொன்றாக இருந்தது. விடியும் முன் கிராமத்துக்கு வரும் பேருந்தில் தூக்கக் கலக்கத்தோடு ஏற்றப்பட்ட பிள்ளைகளை இங்கே உள்ள பெரியவர்கள் சிலர் பார்த்திருப்பீர்கள். குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள், லேபிள் ஒட்டினார்கள். எத்தனை ஒட்டினாயோ அத்தனைக்குக் காசு. அந்த விரல்களுக்குத் தீப்பெட்டி ஒருநாளும் ரயிலானதில்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி பார்க்க வேண்டும். பிள்ளை விளையாட வேண்டுமென்றால் அந்த வீட்டில் பெரியவருக்குக் கூலி கிடைக்க வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு புரிந்துகொண்டிருந்தது. 2016இல் சட்டம் மேலும் இறுகியது. ஆனாலும் குடும்பத் தொழில் என்ற வாசல் திறந்தே இருக்கிறது; பள்ளி விட்டு வந்து, பையை எறிந்த கையோடு வேலையில் உட்காரும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். நம் அன்பியங்களில் அப்படி ஒரு வீடு இருந்தால், அந்தப் பெற்றோரைக் குற்றம் சொல்லிவிட்டு வராதீர்கள். அவர்களுக்கு என்ன கடன், யாருக்கு வேலையில்லை என்று கேளுங்கள். வின்சென்ட் தே பவுல் சபையினரிடம் சொல்லுங்கள், என்னிடம் சொல்லுங்கள். விளையாட்டு பிள்ளையின் உரிமை என்று ஐக்கிய நாடுகள் அவை 1989இல் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவில் எழுதியது. இந்தியா அதை 1992இல் ஏற்றுக்கொண்டது. செக்கரியா இறைவாக்கினர் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே, அடிமைத்தனத்திலிருந்து மீண்ட எருசலேம் எப்படி இருக்கும் என்று காட்டும்போது, அதன் தெருக்களில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் நிறைந்து விளையாடுவார்கள் என்று சொல்லிவிட்டார். இடிந்த நகருக்கு மீட்பு வந்ததன் அடையாளம் அது.

வேலைக்குப் போகாத பிள்ளைகளும் விளையாடுகிறார்களா? மூன்று வயதில் டியூஷன் வைக்கிறோம். ஒரு வாய் சோறு ஊட்ட போனைக் கையில் கொடுக்கிறோம். நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வரும் தாய்மாரின் களைப்பு எனக்குத் தெரியாததல்ல. பிள்ளை சாப்பிட்டால் போதும் என்று இருக்கும். ஆனாலும் சொல்கிறேன். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் திரையே வேண்டாம், ஐந்து வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. திரையில் யானை தானே ஆடும், தானே பாடும். பிள்ளை செய்வதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. உலக்கையைக் குதிரையாக்க வேண்டுமென்றால் பிள்ளைதான் கனைக்க வேண்டும், பிள்ளைதான் ஓட வேண்டும். அந்த உழைப்பில்தான் அவனுக்குள் ஒன்று வளர்கிறது.

எனவே பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். அதிக விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். அடுக்களையில் உடையாத, கையைக் கிழிக்காத பாத்திரங்கள் நாலைக் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். பிள்ளை வந்து வெறும் தம்ளரை நீட்டினால் வாங்குங்கள். ஊதிக் குடியுங்கள், சூடாக இருக்குமே! அவர்கள் தொடங்கிய விளையாட்டில் அவர்கள் கொடுத்த வேடத்தில் இருங்கள். நோயாளி என்றால் படுத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டால் கத்துங்கள். ‘எத்தனை தம்ளர் இருக்கிறது, எண்ணிச் சொல் பார்ப்போம்’ என்று அதற்குள் கணக்குப் பாடத்தைக் கொண்டுபோகாதீர்கள். லூயி மார்ட்டின் மீதியைக் கொட்டுவதற்குக்கூட அனுமதி கேட்டார்.

வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் நீங்கள் பாக்கியவான்கள். செக்கரியா காட்டிய எருசலேம் தெருவில், பிள்ளைகள் விளையாடும் அதே இடத்தில் கோலூன்றிய கிழவர்களும் கிழவிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். பனையோலைக் காற்றாடி முடையத் தெரிந்த கைகள் இந்தக் கோயிலில் எத்தனை இருக்கின்றன! நொங்கு வண்டிக்கு எந்தக் காய் உருளும், எது பாதியில் பிளந்துவிடும் என்று உங்களுக்குத்தான் தெரியும். பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுங்கள்.

இன்னும் சில நாளில் குடில் கட்டப் போகிறோம். இந்தப் பழக்கம் பரவ வழி செய்தவர் பிரான்சிஸ் அசிசியார். 1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புக்குச் சற்று முன், கிரேச்சியோ ஊரில் தமக்கு வேண்டிய ஒருவரிடம், தீவனத் தொட்டியும் வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும் ஆயத்தம் செய்யச் சொன்னார். பெத்லகேமில் பிறந்த குழந்தை பட்ட இல்லாமையைத் தம் ஊனக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. தீவட்டி பிடித்து ஊரே திரண்டு வந்தது. அந்தத் தொட்டியின் மேல் திருப்பலி நடந்தது. திருத்தொண்டரான பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடினார். வளர்ந்த மனிதர்கள், துறவிகள், மலையடிவாரத்து விவசாயிகள், எல்லாரும் சேர்ந்து ஆடிய ஆட்டம் அது. ஒருவரும் ஓரத்தில் நிற்கவில்லை.

நம் பங்கின் குடில் போட்டியில் சில ஆண்டுகளாக சீரியல் விளக்கும் தெர்மாகோலும் அதிகமாகிவிட்டன. பிள்ளைகள் தொட்டால் கலைந்துவிடும் என்று தள்ளி நிற்கவைக்கிறோம். பங்குப் பேரவையில் பேசி, இந்த ஆண்டு விதியை மாற்றியிருக்கிறோம். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்கள் கட்டிய குடில்தான் போட்டிக்கு. கடையில் வாங்கியது எதுவும் வேண்டாம். வைக்கோல், உமி, உடைந்த ஓடு, சிரட்டை, பழைய கோணி, வீட்டில் என்ன இருக்கிறதோ அது. புல்லுக்குக் கேழ்வரகை இன்றைக்கே ஊறப்போட்டால் சரியாக வளர்ந்துவிடும். குளத்துக்குக் கண்ணாடித் துண்டு வேண்டாம், கையைக் கிழிக்கும். மிட்டாய் சுற்றிய வெள்ளித்தாள் மின்னும். ஆட்டுக்குப் பதில் புளியங்கொட்டை நின்றாலும், இடையருக்குப் பதில் துணிகாயப் போடும் கிளிப்பு நின்றாலும் நடுவர்கள் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். பெரியவர்கள் கூப்பிட்டால் மட்டும் போய் உதவுங்கள். கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். பெயர்களை ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் கொடுத்துவிடலாம். மந்திரிக்க நான் வீடு வீடாக வருகிறேன்; குடிலில் எது எது என்ன என்று எனக்குப் பிள்ளைகளே சொல்ல வேண்டும்.

இப்போது எழுந்து நின்று மன்றாடுவோம். இன்றைய முதல் மன்றாட்டு வேலைத்தலங்களில் இருக்கும் பிள்ளைகளுக்காக. அதைப் பாலர் சபைப் பிள்ளைகள் சொல்வார்கள்.